கொச்சியில் விமானம் நிற்கும் அரை மணி நேரம்

அன்பு மகள் அருள்மொழிக்கு மலையிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் பேத்தியும் வயிற்றில் இருப்பதும் அப்படியே இருக்க அம்மன் துணை. கப்பலிலிருந்து மாப்பிள்ளை பேசினாரா. உன் அண்ணன் மகள் எழில்மதி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல், அவள் தம்பி கவியரசன் கள்ளக்குறிச்சி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்து கப் வாங்கினான், முதலில் வந்தவன் ஷூ போட்டிருந்தான், இவன் வெறுங்கால். உன் மகள் மலையாளத்தில் பாடிப் பரிசு வாங்கினதைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

பிரசவ ஆபரேஷனை முன்கூட்டியே நான்காம் தேதிக்கு வைத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னபோது சரி சரி என்று மட்டும் சொன்னேன், பக்கத்தில் உன் அண்ணன் நின்றான், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நீ பேசியது புதன்கிழமை, செவ்வாய்க்கிழமையே ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இனி ஏழாம் தேதி திருவிழா முடிகிற வரைக்கும் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. எழில்மதிதான் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறிப் போனில் பார்த்தாள், சேலத்திலிருந்து விமானம் ஏறினால் நீ இருக்கும் கொச்சிக்கு வானத்தில் இருநூற்றைம்பது கிலோமீட்டர்தானாம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகுமாம். எனக்கு உயிர் வந்தது. பூசாரி சின்னக்கண்ணுவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். காத்தால போயி இருட்டறதுக்குள்ள வந்துடு ஜெயம்மா, அம்மன் ஒண்ணும் சொல்லாது, மேலருந்து நம்ம கோயிலு தெரியுதான்னு மட்டும் பாத்துகினு வா என்று கேலி செய்தார். புடவைகூடத் துவைத்துப் போட்டேன். அப்புறம்தான் எழில்மதி நேரத்தை எழுதிக் காட்டினாள். மத்தியானம் போகிற விமானமே கொச்சியில் அரை மணி நேரம் நின்று திரும்பி வருகிறது, அன்றைக்கு வேறு கிடையாது. இறங்கி வாசலுக்கு வருவதற்குள் திரும்ப ஏறச் சொல்லிவிடுவார்கள், உன் ஆஸ்பத்திரியை எங்கே பார்ப்பது. இங்கிருந்து சேலம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேரவே எனக்கு ஐந்து மணி நேரம், திரும்பினால் மலைக்கு ஏறும் கடைசி பஸ்ஸும் போயிருக்கும்.

காப்பை மீறி வந்துவிடு என்று மனசு சொல்லாமல் இல்லை. ஆனால் உன் அண்ணன் வீரமுத்து இந்த வருஷம் தீ மிதிக்கிறான். போறதுன்னா போம்மா, நான் ஒண்ணும் சொல்லல என்கிறான், சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்க்கிறான். அந்தக் காலில் ஒரு கொப்புளம் வந்தாலும் ஊர் என்னைத்தான் சொல்லும், ஊருக்கு முன்னால் நானே சொல்லிக்கொள்வேன். அங்கே வந்தால் இவனை நினைத்துத் துடிக்க வேண்டும், இங்கே இருந்தால் உன்னை. சமைக்கிறேன், ஆட்டை ஓட்டுகிறேன், எதிலும் கை ஓடவில்லை.

உன் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் நம் தியாகதுருகத்து ஜெபீனாவை அன்றைக்குக் கூட வைத்துக்கொள், பேத்தியை அவள் வீட்டில் விடு. வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால் இரு, தாகம் என்று தண்ணீர் குடித்துவிடாதே. எட்டாம் தேதி விடியக் கிளம்பிவிடுவேன்.

அம்மன் உன்னைக் கண்ணுபோலக் காப்பாள். கடிதம் கிடைத்த அன்றே புதுப் போட்டோ ஒன்று எடுத்து ஸ்பீடு போஸ்டில் போடு, போனில் வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி வேண்டும். வயிறு தெரிய நின்று எடு. எனக்காகச் சிரிக்க வேண்டாம். நான்காம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், உன்னை உள்ளே கூட்டிப்போகிற நேரத்தில் நான் அதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா
ஜெயம்மாள்