துணைத் தலைவர் இல்லாத கோடை

அக்கா,

இன்று அருப்புக்கோட்டையில் தறி மோட்டாருக்குக் காயில் கட்ட, அந்தச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்குள்ளிருந்து கருகின காயில் வாடை வந்தது. அதோடு நம் ஊர்த் தண்ணீர் மோட்டார் கருகிய அந்தக் கோடையும் வந்துவிட்டது. நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊராட்சியில் தலைவரோடு சேர்த்து ஏழு ஓட்டு. தலைவர், அவர் மச்சான், நீ, நான் ஒரு பக்கம். பருத்திக் கமிஷன்காரரும் அவரோடு இரண்டு பேரும் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் நீ துணைத் தலைவர் ஆனாய். செக்கில் தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன் கையெழுத்தும் வேண்டும். நம்ம ஆள்தானே, நீட்டிய இடத்தில் போட்டுவிடுவாள் என்று தலைவர் நினைத்தார்.

மேலத்தெருக் குழாய் வேலை முடிந்துவிட்டது என்று அவர் செக்கை நீட்டிய நாள் எனக்கு மறக்காது. நீ பேனாவை மூடினாய்.

"பைப்பு மண்ணுக்குள்ள கெடக்கா, பேப்பர்ல கெடக்கான்னு பாத்துட்டு வாரேண்ணே."

மண்வெட்டியோடு போய் நான்கு இடத்தில் தோண்டினாய். இரண்டு இடத்தில் குழாயே இல்லை. மிச்சத்தையும் பதித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாய்.

நெஞ்சுவலி என்று உன்னை மதுரைக்குக் கொண்டுபோனபோது காரியாபட்டி தாண்டவில்லை, வண்டியிலேயே போய்விட்டாய். மறுநாள் உன்னை எடுப்பதற்கு முன்பே, உன் வீட்டுப் பந்தலுக்குள் தலைவரின் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குனிந்தார்.

"அந்தப் பதவி இனி எனக்குத்தான். நீ ஓட்ட மாத்திப் போட்ற மாட்டியே?"

உள்ளே உன் மகள் அலறிக்கொண்டிருந்தாள் அக்கா. வெளியே இவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏழு ஆறாகிவிட்டது, மூன்றுக்கு மூன்று.

பங்குனி பிறந்ததும் மோட்டார் கருகியது. சரிசெய்யப் பணம் இருந்தது. "ரெண்டு கையெழுத்து இல்லாம பேங்குல விடமாட்டாக" என்று கைவிரித்தார் கிளர்க். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார்கள். கமிஷன்காரரும் மற்ற இருவரும் வரவில்லை. போதிய ஆள் இல்லை என்று கலைத்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவரும் மச்சானும் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒருவரை இழுத்துக்கொண்டு, பேரம் படியும்வரை குற்றாலத்தில் லாட்ஜில் இருந்தார்கள். தலைவர் போனில் என்னையும் கூப்பிட்டார்: "ஒனக்கும் ரூம் போட்டிருக்கும்மா, கோடமழைக்கு அருவி விழுகுது, நாலு நாளு குளிச்சிட்டு வா." ஊரே குளிக்காமல் கிடந்தபோது! நான் போனைத் துண்டித்தேன். அவர்கள் இழுத்துப் போனவரும் குளித்துவிட்டுத் திரும்பிப் பழைய பக்கமே போய்ச் சேர்ந்தார்.

உன் மகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் இரண்டு மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து வந்தாள். வழியில் அவளைப் பார்த்தேன். கையில் சுருட்டிய நோட்டு இருந்தது. அன்றுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது.

மூன்றாவது கூட்டத்தன்றும் எதிர்ப்பக்கத்து மூவரும் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வெறுங்குடங்களை அவர்கள் பெஞ்சைச் சுற்றி இறக்கினோம்.

"ஓட்டுக் கேக்கைல வீடு வீடாத் தெரிஞ்சுது. இப்ப ரோட்டத் தாண்டக் காலு வரலையாக்கும்?" என்றாள் ஒருத்தி.

கமிஷன்காரரிடம் நான் நேராகக் கேட்டேன். "நீங்க துணைத் தலைவரா வந்தா இன்னைக்கே மோட்டாருக்குக் கையெழுத்துப் போடுவீகளா?"

"ஒங்க பக்கத்துல தலைவர் மச்சான் நிக்கிறாரே?"

"அவுகள உடுங்க. போடுவீகளா, மாட்டீகளா?"

சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். "போடுறேன்" என்றார்.

அவருக்கே ஓட்டுப் போட்டேன். நாலுக்கு இரண்டு. தலைவர் என்னைத் துரோகி என்றார். அவர் மச்சான் என் வீட்டு வாசலில் வந்து காரித் துப்பினார். ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு நல்ல செய்தியாக எழுதியிருப்பேன். மூன்றே மாதத்தில் தலைவரும் கமிஷன்காரரும் ஒரே காரில் விருதுநகர் போய்வந்தார்கள். இவர் செக்கை நீட்டினார், அவர் கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் எழுந்து கேட்டால், "தண்ணி வந்துருச்சில்ல, இன்னும் என்ன?" என்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு ஆள் குறைந்தால் ஊரையே காயப்போடத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஆள் எதற்கு இருந்தாள் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

இப்போது பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பார்க்கிறார். நீ போனதிலிருந்து உன் வார்டு காலிதான், அடுத்த தேர்தலில்தான் ஆள் வர வேண்டும். போன வாரம் உன் மகள், இப்போது கல்லூரிக்குப் போகிறவள், என்னிடம் கேட்டாள்: "சித்தி, நிக்க எனக்கு வயசு பத்தாது. அம்மா வார்டுல நீங்க நிப்பீகளா?"

"நிப்பேன். ஆனா எந்தப் பக்கமும் நிக்க மாட்டேன்" என்றேன்.

அன்று பந்தலில் தலைவரின் மச்சானை எழுந்து போகச் சொல்லாமல் தலையைக் குனிந்திருந்தேன் அக்கா. அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது. இனி எவன் முன்னாலும் என் வாயை மூட விடாமல் வைத்திருப்பது அதுதான்.