வெறும் வயிற்றில் வந்த ஆத்தா

15-3-74, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மோர்மிளகாய் காயப்போட்டாயிற்று. இவருக்கு முதுகுவலி அதிகம். கண்டனூரில் தச்சு வேலை பார்க்கையில் சாரத்திலிருந்து விழுந்தது முதல் இதே பாடு. மதுரை டாக்டர் எழுதிய வலி மாத்திரை, ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறார். வெள்ளி விரதம் வேறு.

மதியம் குலசாமிக்குச் சூடம் காட்டும்போது இவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம். தொப்பலாக வேர்வை. கண் நிலைகுத்தி, நாக்குக் குழறி, ஏதோ உளறல். நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா! எம் மகளுக்கு எப்ப ஆத்தா கல்யாணம்?"

"தை" என்று முனகினார். அவளுக்கு அது போதும். பானகம் குடித்த பிறகுதான் தெளிந்தார். "என்ன, எல்லாரும் என்னையவே பாக்குறீக?"

19-3, செவ்வாய்

ரேஷன் கடையில் கூட்டம். உலை வைக்க நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் சட்டை நனைந்து சுவரில் சாய்ந்து கிடக்கிறார். என்னைத் தன் தங்கச்சி பெயரால் கூப்பிட்டார். சூடமும் இல்லை, மணியும் இல்லை. சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்தேன். சரியாகிவிட்டது.

டீக்கு மலையேறுகிற ஆத்தா உண்டா? பயமாக இருக்கிறது.

21-3, வியாழன்

நேற்று சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். இன்று இங்குள்ள டாக்டர் சொன்னார்: "ரத்தத்துல சர்க்கரை ரொம்ப எறங்கியிருக்கும்மா. அந்த வலி மாத்திரை அபின் சரக்கு. சில பேருக்கு இப்படிப் பண்ணும். பட்டினி கெடந்தா ஆள் எந்திரிக்க மாட்டாரு. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம்."

பஸ்ஸில் இவர், "ஆத்தா வந்ததைச் சர்க்கரைங்கிறான், பயித்தியக்காரன்."

22-3, வெள்ளி

குறி கேட்க வாசல் கொள்ளாத கூட்டம். சாரத்திலிருந்து விழுந்து கிடந்தபோது ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது காலில் விழுகிறார்கள். இவர் முகத்தில் எத்தனை நாளைக்குப் பிறகு சிரிப்பு! அதைப் பார்க்கச் சந்தோஷம், ஆத்திரம், இரண்டும்.

சர்க்கரைத் தண்ணீர் கொண்டுபோனேன். நாத்தனார் தம்ளரைத் தட்டிவிட்டாள். "சாமி எறங்குற நேரத்துல குறுக்க வராத மதினி!" இவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

26-3, செவ்வாய்

வெள்ளிக்கிழமை குலசாமி கோயில் படையல். இவர்தான் குறி சொல்ல வேண்டுமாம். அதுவரை தண்ணீர் மட்டும். மாத்திரையை ஒளித்து வைத்தேன். வலியில் அடிபட்ட மாடு போலக் கதறினார். மனசு கேட்காமல் நானே எடுத்துக் கொடுத்தேன். என்ன ஜென்மம் நான்.

28-3, வியாழன்

நான் இன்று வீட்டுக்கு விலக்கு. கோயில் பக்கம் தலை காட்டக் கூடாது. இன்றே கோயிலுக்குக் கிளம்புகிறவரிடம் ஒதுங்கி நின்றே கெஞ்சினேன்: "ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

"தீட்டோட நின்னுக்கிட்டுச் சாமிகிட்டப் பேசுறியே" என்றார். சாமியாம். கையில் மாத்திரை டப்பா.

29-3, வெள்ளி

வெயில். காலையிலிருந்து கோயிலில் கொட்டு. காரியம் ஓடவில்லை. உலை கூட வைக்கவில்லை.

இப்போது கொட்டு நின்றுவிட்டது. சூடம் தீர்ந்துவிட்டதென்று நாத்தனார் மகள் ஓடி வந்தாள்.

"மாமா எங்கடி?"

"கீழ விழுந்து கெடக்காக அத்தை. கூப்பிட்டாலும் கண்ணத் தெறக்கலை. ஆத்தா முழுசா எறங்கிட்டாளாம். யாரும் தொடக் கூடாதுன்னு அம்மா சுத்திக் கயிறு கட்டியிருக்கு."

தீட்டாவது மண்ணாவது. போகிறேன்.