கைக்கடிகாரம் கட்டிய ஆண்டாள்

11 ஜூலை 2025, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குள் குரங்கு புகுந்துவிட்டது. தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஆண்டாள் படத்தைத் தட்டிவிட்டதாம். கண்ணாடி இரண்டாகப் போய்விட்டது. போனில் ஒரே புலம்பல். "ஆடிப்பூரம் வருது, தெருவே வந்து கும்பிடுற படம், இந்நேரம் பாத்து இப்படி ஆகிப்போச்சே!" பிரேம் கடைக்காரியைப் பெற்று வைத்துக்கொண்டு எதற்கு இந்த அழுகை என்றேன். சாயங்காலமே போய், படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்து, பஸ்ஸில் ராஜபாளையம் கடைக்குக் கொண்டுவந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். ஆண்டாளுக்கே டிக்கெட்டா என்றேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கிளம்பும்போது அப்பா சொன்னதுதான் புரியவில்லை. "கண்ணாடிய மட்டும் மாத்து. பின்பக்கம் பிரிக்காத." பின்பக்கம் பிரிக்காமல் எந்தக் கடையில் கண்ணாடி மாற்றுகிறார்கள்?

12 ஜூலை

பிரித்தேன். பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

13 ஜூலை, ஞாயிறு

நேற்று கை ஓடவில்லை. இன்றைக்கு நிதானமாக எழுதிவிடுகிறேன்.

கண்ணாடியை எடுத்ததும் பொட்டும் அதோடு போய்விட்டது. அம்மா வைத்த சந்தனம், குங்குமம் எல்லாம் கண்ணாடியின் மேல்தானே. உள்ளே வரைந்திருந்தது ஒரு சின்னப் பிள்ளையின் முகம். இடதுபக்கம் சாய்ந்த கொண்டை, மாலை, கையில் கிளி, எல்லாம் ஆண்டாள்தான். ஆனால் ஓரங்களை மறைத்துச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டையை எடுத்தால், கிளி பிடித்திருக்கும் கையில் கைக்கடிகாரம். கறுப்பு வார். கிளியும் காகிதக் கிளி.

படத்தின் முதுகில் காக்கித்தாள் ஒட்டியிருந்தது. சோற்றுப்பசை. எந்தப் பிரேம் கடைக்காரனும் சோற்றைப் பிசைந்து ஒட்டமாட்டான், வீட்டில் ஒட்டியது. உரித்தால் எழுத்து:

"என் மகள் பத்மாசனி, வயது பன்னிரண்டு, பள்ளி நாடகத்தில் ஆண்டாளாக. தை 1986."

கீழே கையெழுத்து, சித்திர ஆசிரியர் என்று. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர், வீதி, வீட்டு எண், எல்லாம்.

அப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். ஆள் இல்லாத வீடு, கூரை போய் மழை ஒழுகியது, நனையாமல் ஆண்டாளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தேன் - இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் கட்டுரையாக எழுதிப் பரிசும் வாங்கினேன்! பரிசாக வந்த டிபன் பாக்ஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆள் இல்லாத வீடு, சரி. விலாசத்தின் மேல் எதற்கு அப்பா தாள் ஒட்டினீர்கள்?

15 ஜூலை

போய்க் கேட்டேன். "பிரிக்காதன்னு சொன்னேன்ல?" என்று ஒரு சத்தம். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

18 ஜூலை, வெள்ளி

படம் இல்லாத ஆணியில் அம்மா மல்லிகைச் சரத்தை மாட்டியிருக்கிறாள். "எப்பட்டி வரும்?" என்று கேட்டாள். கண்ணாடி மதுரையிலிருந்து வர வேண்டும் என்று புளுகினேன். நானும் புளுக ஆரம்பித்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

அப்பா கடைக்கு வந்தார். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த வீட்டுலதான் எங்க கேம்ப். அன்னிக்கு மத்தியானம்தான் தந்தி வந்துச்சு, பொம்பளப்பிள்ளை பெறந்திருக்குன்னு. ஆண்டாளே எனக்கு வந்து பெறந்துட்டான்னு இந்தப் படத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்துட்டு, ஊருக்குக் கொண்டுபோகன்னு பெட்டிக்குள்ள வச்சேன். அந்நேரம் பாத்து வாத்தியார் வாசலுக்கு வந்துட்டாரு. வீடு வேணாம், சாமான் வேணாம், மகள் படம் மட்டும் தாங்கன்னாரு. இங்க படமே இல்லைன்னுட்டேன். பெட்டி எங்காலுகிட்டதான் இருந்துச்சு."

"அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுப்பா?"

"கேக்கலட்டி."

படத்தை மட்டும் கேட்டு ஒருவர் வருகிறார் என்றால் பிள்ளை இல்லை என்றுதானே அர்த்தம்? செத்த பிள்ளையின் படமா? நான் பிறந்த சந்தோஷத்தில், இன்னொரு அப்பனிடமிருந்து எடுத்தது.

22 ஜூலை

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஜெயசித்ரா அக்கா வந்தார், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பிரேம் போட. அவரிடம் சொல்லிவிட்டேன். பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "அங்க எங்கட ஆக்கள் இருக்கினம், விசாரிச்சுப் பாப்பம்" என்றார். ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

28 ஜூலை, ஆடிப்பூரம்

தேர் பார்த்துவிட்டுத் தெருச்சனம் வீட்டுக்கு வந்தது. "எங்க மிலிட்டரி வீட்டு ஆண்டாள்?" அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஜெயசித்ரா அக்காவின் போன். பத்மாசனி உயிரோடு இருக்கிறாராம்! யாழ்ப்பாணத்தில் டீச்சர். அவருடைய அப்பாதான் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

இனி மறைக்க முடியாது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பத்தஞ்சு வருஷமா என்னைய ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சூடம் காட்ட வச்சிட்டாகளே, பாவி மனுசன்!" பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவளுக்குப் பிள்ளைகுட்டி இருக்காட்டி?"

3 ஆகஸ்ட், ஞாயிறு

பத்மாசனி பேசினார். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா, அம்மா, நான். படம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும்தான் ஜெயசித்ரா அக்கா அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

"அப்பா கீறின படங்கள் ஒண்டும் மிஞ்சேல்லை. இது மட்டும் எப்பிடித் தப்பினது எண்டு நினைக்க நினைக்க அழுகை வருது. காப்பாத்தி வைச்சிருந்தவரோட ஒருக்காக் கதைக்க வேணும். நன்றி சொல்ல வேணும்."

அப்பா என்னைப் பார்த்தார். சரிம்மா, சந்தோஷம்மா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

"நான் காப்பாத்தலம்மா. உங்கப்பா வந்து கேட்டாரு. பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அண்டைக்கு நல்ல மழை," என்றார். "நான்தான் றோட்டில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அந்தப் படத்தைக் கேட்டு அழுதது நான். அதுதான் அப்பா வந்தவர்."

வைத்துவிட்டார்.

9 ஆகஸ்ட்

ஒன்றும் வரவில்லை. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறாள் அம்மா. அதற்கு நான் என்ன செய்ய?

15 ஆகஸ்ட்

அப்பாவின் சட்டையில் கொடி குத்திவிட அம்மா போனாளாம். இந்த வருஷம் வேண்டாம் என்றுவிட்டாராம்.

20 ஆகஸ்ட்

பத்மாசனியிடமிருந்து ஒரு மெசேஜ்: "படத்தை அனுப்பி வையுங்கோ. விலாசம் அதுதான். மாறேல்லை."

அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

23 ஆகஸ்ட்

பிரேம் போடாமல், துணி சுற்றி, இரண்டு பக்கமும் பிளைவுட் வைத்துக் கட்டினேன். கட்டுவதற்கு முன்னால் அம்மா வந்து பார்த்தாள். பூ வைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "மணி எம்புட்டுன்னுகூட வரைஞ்சிருக்காரு" என்றாள். நாலேகால்.

25 ஆகஸ்ட், திங்கள்

அப்பாவும் கூரியர் ஆபீசுக்கு வந்தார். வர வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

பாரத்தை நிரப்பிய தம்பி, "பரிசுன்னு போட்டுரவா சார்? கஸ்டம்ஸ்ல சீக்கிரம் விட்டுருவாங்க" என்றார்.

"பரிசுன்னு போடாத தம்பி. நான் எங்க குடுக்கேன்? அவுக பொருள், திருப்பி அனுப்புதேன்."

விலாசம் கேட்டார்கள். மெசேஜைத் தேட நான் பையிலிருந்து போனை எடுத்தேன். அதற்குள் அப்பா பேனாவை வாங்கிக் குனிந்து எழுத ஆரம்பித்திருந்தார். ஊர், வீதி, வீட்டு எண். எதையும் பார்க்காமல், ஓர் எழுத்து அடிக்காமல் எழுதி முடித்தார்.