தங்கச்சி கிணற்றில் சிப்பி

1959 மே 4
காற்று அசையவில்லை. கரிசல் வெடிப்பில் கை நுழைகிறது. முழங்கால் வரை புதைந்தேன் என்று ஊரில் சொல்லியாயிற்று.

ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே தங்கச்சி செசிலி காட்டில் கிணறு வேலை. அவள் வீட்டுக்காரர், மாப்பிள்ளை அந்தோணி, உள்ளே வெட்ட, நான் மேலே நின்று யோசனை. நல்ல தண்ணீர் கண்டால் இங்கே இருப்பார்கள். இல்லையென்றால் குடும்பத்தோடு மேற்கு மலை எஸ்டேட்டுக்கு. ஞாயிறு ஆள் கூட்டிப்போகக் கங்காணி வருகிறான்.

பாறைக்குக் கீழே சிப்பி! கூடை கூடையாக. மாப்பிள்ளை வெட்டுவதை நிறுத்திவிட்டார்.
"தண்ணியில கெடந்த சாமான், மாப்பிள்ளை. அடியில தண்ணி இல்லாமலா போவும்? வெட்டும்!"
வெட்டினார்.

மே 6
வெயில். கல்லூரி சார் ஒருவர், சைக்கிளில், சிப்பி பார்க்க. (நான் ஆளனுப்பி வரவழைத்தது. அவரே வந்தார் என்றும் சொல்லலாம்.)

சார் சொன்னது: ஒரு காலம் பூமியில் பனி ஏறி, கடல் தண்ணீரெல்லாம் கட்டியாக நின்றுவிட்டது. கடல் வற்றி, இலங்கைக்கு நடந்தே போகலாம். சிப்பிக் குஞ்சு நீரோட்டத்தில் தூசி மாதிரிப் போகும். நடுவில் தரை எழும்பியதும் வழி அடைப்பு. அந்தப் பக்கத்துச் சாதி அந்தப் பக்கம், இந்தப் பக்கத்துச் சாதி இந்தப் பக்கம். பிறகு பனி உருகி, கடல் இங்கன வரை ஏறிவந்து, இதுகளை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

போகும்போது, "தண்ணி வந்தாலும் உப்பு இருக்கலாம்" என்றார். அதைச் செசிலியிடம் சொல்லவில்லை.

மீரான் பாய் டீக்கடையில் எல்லாம் விளக்கினேன். பனிமலையை நேரில் பார்த்த கதையும் சேர்த்து.
பாய்: "பிரளயத்துல நூஹு நபி கப்பல்லயும் நீருதான் இருந்தீராக்கும்?"
"மேல் தட்டுல, பாய்."
நல்ல சிரிப்பு. டீ அவர் கணக்கு.

மே 9
ஊற்று கண்டது. செசிலி ஒரு கை அள்ளிக் குடித்தாள். துப்பவில்லை.
"கரிக்கு அண்ணே."
"மொத ஊத்து அப்படித்தான். எறைச்சா இனிக்கும்."
பொழுது சாயும்வரை இறைத்தார்கள். மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மே 10
புழுக்கம். பூசைக்குப் போகவில்லை. கங்காணி வந்துவிட்டான். ஒரு தகரப்பெட்டி, இரண்டு பானை, மாதா படம், சுருட்டிய கோரைப்பாய். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை.

செசிலியிடம் சொன்னேன், "அந்தச் சிப்பியெல்லாம் எடத்த விட்டு அசைஞ்சுதா பாரு."
"அசையாமத்தான செத்துச்சு. எங்களுக்குக் கால் இருக்கு அண்ணே."

கோவில்பட்டி பஸ் போயிற்று. மாட்டை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

டீக்கடை. பாய் கேட்டார், "தங்கச்சி கெணத்துத் தண்ணி எப்படி?"
"இளநி மாதிரி."
ஒரு குடம் கொண்டுவரச் சொல்கிறார்.