கதவு வைக்காத காற்றுக்குழாய்

1937 ஏப்ரல் 25, ஞாயிறு

இன்று காலை பத்து மணிக்குக் குழாயில் காற்று வந்தது.

வந்தது என்று மட்டும் எழுதினால் என் மனசு ஆறாது. மேற்குக் கூரைமேல் அகன்று நிற்கும் தகரக் குழாயின் வாயில் வெட்டிவேர்த் தட்டியைப் பொருத்தி, பானையிலிருந்து அதன்மேல் நீர் சொட்டவிட்டு, ஏணியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கிப் படுக்கையறைக்கு ஓடினேன். கட்டிலுக்கு நேர்மேலே சுவரில் இருக்கும் கம்பிவலை வழியாகக் குளிர்ந்த காற்று நெற்றியில் பட்டது. வெண்ணந்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் இந்தச் சித்திரையில் எவன் வீட்டில் இப்படி ஒரு காற்று? சௌந்திரம் அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையில் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு மூன்று மாதம். கலியாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. போன கோடையில் அவள் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. சேலத்தில் ஒரு நூல் ஆலையில் தகரக் குழாய் வழியாக ஈரக்காற்று விடுவதைப் பார்த்திருந்தேன். ஆலைக்கு ஆகிறது வீட்டுக்கு ஆகாதா?

தகரவேலைக்காரர் கந்தப்பனோடுதான் ஓயாத வாக்குவாதம். சுட்ட மண் குழாய் ஈரத்தைக் குடிக்கும், தகரமே நல்லது என்றார். ஒப்புக்கொண்டேன். குழாயை ஒரு சாண் சரிவாக விடவேண்டும், நடுவில் இரண்டு இடத்தில் கை நுழையக் கதவு வைத்து மாதம் ஒரு தடவை துடைக்கவேண்டும் என்றார். அதற்கு ஒப்பவில்லை. சரிவாக விட்டால் சுவர் விளிம்போடு கோணலாகத் தெரியும். முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சில் பலகைக் கதவு துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்க வருகிறவன் சிரிப்பான்.

"கொழாயும் ஒரு வயிறாட்டம்தானுங்க. உள்ள போறது வெளிய வர வழி வெக்கோணுமுங்க" என்றார் கந்தப்பன்.

மட்டமாகவே விடச் சொன்னேன், கதவும் வேண்டாம் என்றேன். பலகை அடித்துப் பூசி மறைத்தாயிற்று. இப்போது குழாய் இருப்பதே தெரியாது. காற்று மட்டும் வரும்.

மே 9

ராசிபுரத்திலிருந்து நெய் வியாபாரி வந்து கட்டிலில் கால் மணி நேரம் படுத்துவிட்டு, எழ மனசில்லாமல் எழுந்து குழாயின் அளவு கேட்டுப் போனார். நேற்று நாலு பேர். முந்தாநாள் ஏழு பேர். சௌந்திரம் எல்லோருக்கும் மோர் கொடுத்து ஓய்ந்துபோனாள்.

மே 27

அறையில் ஒரு வாசம். பழைய சோற்று நீரைக் கொட்ட மறந்த பானை மாதிரி. புது வெட்டிவேர் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று சௌந்திரத்திடம் சொன்னேன். அவள் இருமினாள்.

ஜூன் 8

இருமல் இழுப்பாகிவிட்டது. விடியும்போது நெஞ்சில் விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். வைத்தியர் கொடுத்த தூதுவளைக் கஷாயம் ஆறு நாளாகக் குடிக்கிறாள்.

சமையலறையை ஒட்டிய கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். யாருக்காக இந்தப் பாடு பட்டேன் என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். "சரிங்க மாமா" என்று கட்டிலிலேயே படுத்தாள்.

உரக்கக் கேட்டிருக்க வேண்டாம்.

ஜூன் 20, ஞாயிறு

காலையில் கம்பிவலைக்குப் பின்னால் தரை துடைக்கும் துணியைச் சுருட்டி அடைத்திருப்பதைக் கண்டேன். எத்தனை நாளாகவோ! வெளியூர்க்காரர்கள் நாலு பேர் அப்போதுதான் வாசலில் வண்டியை விட்டு இறங்குகிறார்கள். உச்சி குளிர வைக்கிறேன் என்று கூட்டிவந்து அழுக்குத் துணியைக் காட்டினால் எப்படி இருக்கும்?

வீடு பெருக்கும் சின்னாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். எட்டு வருஷமாக இங்கே வேலை செய்கிறவள். குழாய் வந்த நாளிலிருந்தே அந்த அறைக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நுழைவாள். உள்ளறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க சாமி, நாந்தானுங்க வெச்சேன்" என்றாள்.

வந்தவர்கள் முன்னாலேயே அவளைக் கண்டபடி பேசிவிட்டேன். இனி இந்த வாசல் மிதிக்காதே என்றும் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

சௌந்திரத்திடம் சொன்னபோது ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்து மறித்தது. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அசதி போலும்.

ஜூன் 21

இன்று வீட்டை நானே பெருக்கினேன். சின்னாயிக்குப் பதில் ஆள் தேட வேண்டும்.

ஜூலை 6

காற்று குறைந்திருக்கிறது. தட்டி காய்ந்துவிட்டதோ என்று மேலே இன்னொரு பானை வைத்தேன். இரட்டை நீர்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. மேற்கிலிருந்து அம்மியை நகர்த்துகிற காற்று. இத்தனை காற்றிலும் வலையில் வருவது என்னவோ முனகல்தான்.

காலையில் சௌந்திரத்துக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. வண்டி கட்டி ராசிபுரம் டாக்டரிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டு, கொஞ்சம் தெளிந்தபின் அவர் என்னைக் கேட்டார்: வீட்டில் ஈரம் தேங்கும் இடம், பூசணம் பிடித்த பண்டம், ஏதாவது உண்டா?

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் கேட்டதும் எனக்குக் குழாய்தான் ஞாபகம் வந்தது. அந்த வாசம் ஞாபகம் வந்தது. போன மாதம் இதே டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து வலைக்குக் கீழே நின்று என் முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தட்டுக்காகவா பொய் சொன்னேன்? சௌந்திரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20

குழாயை அடைத்துவிட்டால் என்ன? அடைக்கலாம். அடைத்தால் சின்னாயி செய்தது சரி என்று ஆகிவிடும்.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். இப்படியும் ஒரு மனுஷன்!

ஜூலை 25, ஞாயிறு

கந்தப்பனுக்கு ஆள்விட்டு வரவழைத்தேன். வலையைக் கழற்றி மூக்கை வைத்த உடனே பின்வாங்கினார். பூச்சை உடைத்து, பலகையைப் பிரித்து, தகரத்தை அறுத்தால்தான் உள்ளே பார்க்க முடியும், இன்றைக்கே செய்துவிடலாம் என்றார்.

நான் தயங்கினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவரில் உளி படக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பிரசவம் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம் என்றேன்.

"அன்னைக்கே கதவு வெச்சிருந்தா இன்னைக்கு உளியே வேண்டியதில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சாத்திரத்தின்மேல் அத்தனை பயமா? ராகுகாலத்தில் கிணறு தோண்ட ஆரம்பித்தவன் நான். எனக்கு வசதியான இடத்தில் மட்டும் சாத்திரம் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 3

மச்சான் மயில்சாமி ஜேடர்பாளையத்திலிருந்து வந்தார். தங்கையைப் பார்த்ததும் வண்டி பூட்டச் சொன்னார். கட்டுச்சோறு விருந்து போட்டு முறையாக ஏழாம் மாதத்துக்கு மேல்தானே அழைத்துப்போவது என்று இழுத்தேன். "முறையெல்லாம் இருக்கட்டுமுங்க மாப்பிள்ளை. மொதல்ல மூச்சு இருக்கோணுமுங்க" என்றார். மாலைக்குள் வண்டி கிளம்பிவிட்டது.

போகும்போது சௌந்திரம் திரும்பிப் பார்த்தது என்னையல்ல. படுக்கையறைச் சுவரை.

ஆகஸ்ட் 11

மச்சானின் கார்டு. "தங்கைக்கு நாலாம் நாளே இழுப்பு நின்றுவிட்டது. காவேரிக் காற்றில் களத்துமேட்டில் படுக்கிறாள். மருந்தை நிறுத்தியாயிற்று."

நாலாம் நாளே. என் வீட்டில் இரண்டு மாதம் இழுத்த இழுப்பு.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது என்று மற்றவனைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருப்பேன்.

ஆகஸ்ட் 12

உளியும் சுத்தியலும் எடுத்து நானே உடைத்தேன். கந்தப்பனைக் கூப்பிடவில்லை. கூப்பிட முகமில்லை.

மட்டமாக விடச் சொன்னேனே, அந்த மட்டத்தில்தான் நீர் நின்றிருந்தது. நடுக்குழாயில் நாலு விரல் ஆழம். அதன் மேலும் கீழும் கறுப்பாக, பச்சையாக, மயிர் முளைத்த மாதிரிப் பூசணம். நான் ஊற்றிய இரட்டைப் பானை நீர்.

அறைப்பக்கத்து முனையில், வலையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, ஒரு துணி. துடைப்பக் குச்சியால் குத்தித் தள்ளியிருக்கவேண்டும். வெளியே நின்று பார்த்தால் கண்ணில் படாது. சகதியை வழித்தால் உள்ளே கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை.

சௌந்திரத்தின் சேலையில் கிழித்த துண்டு. சின்னாயிதான் ஜூன் மாதமே போய்விட்டாளே.

அப்படியானால் முதல் துணியும் இவள் வைத்ததுதான். சின்னாயி உள்ளறைப் பக்கம் பார்த்தாளே, அதற்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. காற்று குறைந்ததற்கும் அர்த்தம் புரிகிறது. அவள் மூச்சு விடுவதற்காக அடைத்தாள். காற்று வரவில்லையே என்று நான் தண்ணீரைக் கூட்டினேன். அந்தத் துணியும் ஈரத்தில் ஊறி அழுகி அவள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. என் மனம் நோகக் கூடாது என்றா ஒளித்து வைத்தாய், சௌந்திரம்? இல்லை, என்னைப் பார்த்துப் பயமா? எதுவாக இருந்தாலும் நான் வெட்கப்படத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 14

சின்னாயி இப்போது கிழக்குத் தோட்டத்தில் கடலைக்குக் களை வெட்டுகிறாள். வரப்பில் போய் நின்றேன். மற்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும், அவளைப் பேசியதும் நாலு பேர் முன்னால்தானே.

நான் செய்தது தப்பு என்றேன். துணி வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க சாமி. ஆத்தா பேரைச் சொன்னா ஊட்டுக்குள்ள சண்டை வரும். எம்பேருன்னா என்னோட போயிரும்னு நெனச்சனுங்க" என்றாள் சின்னாயி.

மறுபடி வேலைக்கு வா என்று கேட்டேன். களைவெட்டு முடியட்டும் என்றாள். அப்புறம், ஆத்தா திரும்பி வந்தால் வருவதாகச் சொன்னாள். எனக்காக வருவதாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

ராசிபுரம் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 24, ஞாயிறு

ஜேடர்பாளையம். பெண் பிள்ளை. மூன்று நாளாகிறது. தாய் சுகம். பிள்ளை மிகவும் சிறிசு, அழுதால் கோழிக்குஞ்சுச் சத்தம்தான் வருகிறது. பிழைக்கும் என்று மருத்துவச்சி இன்றுதான் சொன்னாள்.

வீட்டில் சொந்தக்காரர் கூட்டம். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சுவரை உடைத்தானே, அதுதான் பிள்ளை இப்படிச் சுண்டிப் பிறந்தது என்று என் காது கேட்கவே பேசினார்கள். மயில்சாமியும் மறுக்கவில்லை. ஒரு கணம் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. சாத்திரத்தை மீறியவன் என்ற பழி ஆம்பிளைக்குக் கௌரவமான பழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும்.

"உளி பட்டதால இல்லீங்க. ரெண்டு மாசம் முந்தியே உளியை எடுக்காததாலதானுங்க. டாக்டர் கேட்டப்பக்கூடப் பொய் சொன்னனுங்க" என்றேன்.

மயில்சாமி எழுந்து வெளியே போனார். உள்ளறையில் சௌந்திரம் விழித்துத்தான் இருந்தாள். கேட்டிருப்பாள்.

1938 ஜனவரி 9

கந்தப்பன் வந்து மேற்கு வாயைக் கழற்றி இறக்கினார். குழாய்க்குப் பதிலாக அறையில் எதிரெதிராக இரண்டு ஜன்னல். கதவு எப்படி இருக்கவேண்டும் என்று அவரிடமே கேட்டு, சொன்னபடி வைத்தேன். பூச்சில் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிகிறது. தெரியட்டும்.

ஜனவரி 20, வியாழன்

பொங்கல் கழித்து சௌந்திரம் பிள்ளையோடு வந்துவிட்டாள். ஆரத்தி எடுத்தது சின்னாயி.

நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு மேலே ஒட்டுப்போட்ட சுவரைப் பார்த்தாள். இரண்டு ஜன்னலையும் தானே திறந்தாள். பிறகு விட்டத்தில் தூளி கட்டினாள். அதே கத்தரிப்பூச் சேலை, ஒரு மூலை கிழிந்தது. ஒரு பக்கம் துணி பற்றாமல் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

குழாயிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்திருந்த அந்தச் சேலைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். உவர்மண் போட்டு ஏழெட்டு தரம் நானே துவைத்து வெயிலில் காயவைத்தது.

அவள் வாங்கி விரித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"வாசம் போகலீங்க மாமா" என்றாள்.

எனக்கு எந்த வாசமும் வரவில்லை. ஆனால் அவளுக்கு வருகிறது என்றால் இருக்கிறது. வாங்கிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குள் அவள் முடிச்சை இறுக்கிப் பிள்ளையைப் படுக்கவைத்திருந்தாள். தூளியின் கயிற்றை என் கையில் கொடுத்து, மூச்சுச் சத்தம் மாறினால் உடனே கூப்பிடச் சொன்னாள். மாறினால் சொல்லுவேனா என்பதுபோல் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சொல்லுவேன் என்றேன்.

"அப்ப ஆட்டுங்க. நான் சாப்புட்டு வாரேன்" என்று போனாள்.