தொடக்கூடாத பிள்ளையார்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, டெல்லிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. முதல் பத்திரிகையை வழக்கம்போல ஏரிக்கரைப் பிள்ளையார் மடியில் வைக்க வெள்ளிக்கிழமை போனேன். நீ பார்த்த பிள்ளையார் அரசமரத்தடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர், நம் காலனிப் பெண்கள் குளித்த ஈரத்தோடு குடம் குடமாக ஊற்றித் தேய்த்ததில் தும்பிக்கை நுனி மழுங்கி, தொப்பை வழவழவென்று ஆனவர். அவருக்குக் கோயில் கட்டுகிறோம் என்று, பக்கத்தில் மனை வாங்கிக் குடிவந்த புது நகர்க்காரர்கள் வந்தபோது உன் அப்பாதான் முன்னால் நின்று அஸ்திவாரம் தோண்டிக் கொடுத்தார். கட்டி முடிந்ததும், தும்பிக்கை பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாதாம், மாமல்லபுரத்திலிருந்து புதிதாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்கள். சரோஜா அத்தை சும்மா இருப்பாளா, "தந்தமே ஒடிஞ்ச சாமிங்க அது, அவுருக்குப் போயி பின்னம் பாக்குறீங்களே, புதுசுக்காவது ரெண்டு தந்தமும் முழுசா வச்சீங்களா?" என்று கேட்டாள்.

நான் போனபோது கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் கமிட்டித் தலைவர் கோதண்டராமன் குடும்பத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "அங்கேயே நில்லும்மா பொன்னி, கும்பாபிஷேகம் ஆயிடுச்சி, இனிமே தொடக்கூடாது, படியில வச்சிட்டுப் போ, ஐயர் எடுத்துப்பாரு" என்றார். நீங்கள் மட்டும் உள்ளே நிற்கிறீர்களே என்று கேட்டேன். "நாங்க கமிட்டிம்மா" என்றார். அதோடு விட்டாரா, "பழைய சிலைய ஏரியில போடணும், உங்க ஆளுங்க நாலு பேரக் காலையில அனுப்பு, எங்க பசங்க அதத் தொட மாட்டாங்க" என்றார். புதுசை நாம் தொடக் கூடாது, பழசை அவர்கள் தொட மாட்டார்கள். காறித் துப்பியிருப்பேன் ஓவியா, கையில் உன் பத்திரிகை இருந்தது.

மதிலுக்குப் பின்னால் காலி சிமெண்ட் சாக்குகளுக்கு நடுவில் பழைய பிள்ளையாரை முகம் குப்புறத் தள்ளியிருந்தார்கள். என்னால் புரட்ட முடியவில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகையை அவர் முதுகிலேயே வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்து, கோதண்டராமன் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் உன் அப்பா கடப்பாரையும் கயிறுமாகக் கிளம்புகிறார், பெரிய மனுஷன் கேட்டால் எப்படி மறுப்பது என்று. நான் சண்டை போடவில்லை. "உங்க பொண்ணு பத்திரிகை அவரு முதுகு மேல இருக்குது, கிழியாம பாத்துத் தூக்கிப் போடுங்க" என்று மட்டும் சொன்னேன். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோதண்டராமன் வீட்டுக்கு வெறுங்கையோடு போய், எங்கள் தெருவிலிருந்து ஒருவனும் வர மாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கோயிலில் தாலி கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாய். வேண்டாம். என் மகள் மாலையும் கழுத்துமாகக் கேட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொள்ளலாம், பத்திரிகையில் இடத்தை நான் பேனாவால் திருத்திக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடம் காரணத்தை மறைக்காமல் சொல். நீங்கள் இருவரும் யார் முன்னாலும் குனியாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ஆதார் கார்டை மறக்காமல் எடுத்து வா.

உன் அம்மா,
பொன்னி