அம்மாவுக்குக் கடைசியாகத் தெரிந்த செய்தி

அன்புக்கும் இனிமேல் பயத்துக்கும் உரிய மாமா,

நம் ஊர் கரகந்தாவில் எல்லோரும் நலம், உங்கள் அக்காவைத் தவிர.

ஈஸ்டருக்கு வந்து ஒரு தட்டு இறைச்சிக் கொழுக்கட்டையைக் காலி செய்தீர்கள். பேராயராகப் போகும் செய்தியையும் சேர்த்து விழுங்கிவிட்டீர்கள். பக்கத்து வீட்டு ஸாபிரா சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

"ரோம் அறிவிக்கிறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதும்மா, அது சட்டம்" என்றேன்.

"யார்கிட்டயும்னா நானுமாடா? அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவ நான்! அவன் பேராயர் மோதிரத்துக்கு முத்தம் குடுக்க வேற ஆளைப் பாக்கச் சொல்லு!"

நீங்கள் பதவியேற்கும் திருநிலைப்பாட்டு விழாவுக்கு வரமாட்டாளாம். ஆனால் மூன்று நாளாகக் கறுப்பு அங்கி ஒன்றில், பேராயர்கள் அணிவது போன்ற ஊதாப் பொத்தான்களைத் தைக்கிறாள். கேட்டால் திரைச்சீலை என்கிறாள். திரைச்சீலைக்கு முப்பத்து மூன்று பொத்தானா?

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். முதல் மணியிலேயே எடுத்து, வேலையாக இருப்பதாகச் சொல்வாள். வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பூசையில் சிரித்து உங்களிடம் காதுத் திருகல் வாங்கியவன்